ஒரே அப்டேட்டில் பல ரோக்கள்: முடிவு தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது?

தரவுத்தளத்திடம் வேலை சொல்லும் மொழியான எஸ்க்யூஎல்லில், ஒரு டேபிளில் சில ரோக்களுக்கு (வரிசைகளுக்கு) ஆளுக்கொரு மதிப்பு போட வேண்டும். லூப் போட்டு ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு அப்டேட் அனுப்பலாம்தான். ஆனால் 500 ரோ என்றால் 500 முறை சர்வருக்குப் போய் வர வேண்டும். வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. 'புதியது' என்றிருப்பதை 'நடப்பில்' என்றும், 'நடப்பில்' என்றிருப்பதை 'முடிந்தது' என்றும் மாற்ற இரண்டு அப்டேட்டை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முதல் அப்டேட்டில் 'நடப்பில்' ஆன ரோக்களையும் இரண்டாவது அப்டேட் பிடித்துக்கொள்ளும். கடைசியில் எல்லாமே 'முடிந்தது'. ஒரே க்வெரியில், அதாவது ஒரே கட்டளையில், எழுதினால் ஒவ்வொரு ரோவும் ஒரே ஒரு முறைதான் மாறும், அதுவும் தன் பழைய மதிப்பைப் பார்த்து.

அதற்கான அடிப்படை வடிவம் கீழே. கட்டளைச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

    அப்டேட் பணிகள்
    செட் முன்னுரிமை = கேஸ் ஐடி
        வென் 3 தென் 1
        வென் 7 தென் 2
        வென் 9 தென் 5
      எண்ட்
    வேர் ஐடி இன் (3, 7, 9);

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. எந்த ரோவைத் தொடலாம் என்று சொல்வது வேர். தொட்ட ரோவில் என்ன எழுதுவது என்று சொல்வது கேஸ். கேஸுக்கு எந்த ரோவையும் விட்டுவிடும் அதிகாரம் கிடையாது. கீழே வரும் கோளாறுகளில் மோசமானவை, வேர் செய்ய வேண்டிய வேலையைக் கேஸ் செய்துவிடும் என்று நம்பியதால் வருபவை.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இது

அப்டேட்டை நிறுத்திவிட்டு, அதே கேஸையும் அதே வேரையும் ஒரு செலக்ட்டுக்குள் போடுங்கள்.

    செலக்ட் ஐடி, முன்னுரிமை ஆஸ் பழையது,
      கேஸ் ஐடி வென் 3 தென் 1 வென் 7 தென் 2 வென் 9 தென் 5 எண்ட் ஆஸ் புதியது
    ஃப்ரம் பணிகள்
    வேர் ஐடி இன் (3, 7, 9);

பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். எத்தனை ரோ வருகிறதோ அத்தனைதான் அப்டேட் தொடப்போகும் ரோ. புதியது என்ற இடத்தில் ஒரு காலியிடம் தெரிந்தாலும் அப்டேட்டை ஓட்டாதீர்கள்.

திருப்தியானதும் பிகின் போட்டு (டிரான்சாக்‌ஷன் என்ற ஒரு கட்டு வேலை இதோடு தொடங்கும்), அப்டேட்டை ஓட்டி, எண்ணிக்கையைப் பார்த்து, சரியென்றால் கமிட் (மாற்றத்தை நிலையாக்குவது), இல்லையென்றால் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது). ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளில் பிகின் தேவையில்லை. நீங்கள் கமிட் சொல்லும்வரை அது காத்திருக்கும், நீங்கள் வைத்திருக்கும் கருவி தானாகக் கமிட் செய்யாதவரை. இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பிகின் போட்ட பிறகு 'எதற்கும் ஒரு பிரதி எடுத்து வைப்போம்' என்று புது டேபிள் உருவாக்கினால், அந்தக் கட்டளையே அதுவரை செய்ததையெல்லாம் கமிட் செய்துவிடும். பிரதி எடுப்பதாக இருந்தால் பிகினுக்கு முன்னால் எடுங்கள். டேபிள் மைஐஸாம் (மைஎஸ்க்யூஎல்லின் ஒரு சேமிப்பு முறை) வகையாக இருந்தால் ரோல்பேக்கே வேலை செய்யாது.

அறிகுறி: கேட்ட ரோக்கள் சரியாக மாறின, மற்றதெல்லாம் காலியாகிவிட்டது

இதுதான் அதிகம் நடப்பது, அதிகம் வலிப்பதும் இதுதான். மேலே உள்ள க்வெரியில் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு ஓட்டினால் இப்படி ஆகும்:

    ஐடி   முன்பு   பின்பு
    2      4       நல்
    3      4       1
    7      1       2
    8      3       நல்
    9      2       5

3, 7, 9 மூன்றும் கச்சிதமாக இருக்கின்றன. சோதித்துப் பார்ப்பவர் தான் மாற்றிய மூன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விடுவார். 2-ம் 8-ம் போனது அப்புறம்தான் தெரியவரும்.

காரணம் எளிது. வேர் இல்லாததால் அப்டேட் எல்லா ரோவையும் தொட்டது. ஐடி 2 எந்த வென்னிலும் பொருந்தவில்லை. எல்ஸ் ('இல்லையென்றால் இது') எழுதாத கேஸ், எதுவும் பொருந்தாதபோது நல் என்ற வெற்று மதிப்பைத் தரும். அந்த நல் விசுவாசமாக எழுதப்பட்டது.

புலம் (டேபிளின் ஒரு பத்தி) நல்லை ஏற்காது என்று வரையறுத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் பிழை காட்டி முழுக் கட்டளையையும் நிறுத்திவிடும். உங்களுக்கு நல்ல காலம். மைஎஸ்க்யூஎல்லிலும் ஸ்ட்ரிக்ட் மோட் (ஏற்க முடியாத மதிப்பைப் பிழையாக்கும் அமைப்பு) இருந்தால் பிழைதான், 5.7-லிருந்து அதுவே இயல்புநிலை. ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்து வைத்திருக்கும் பழைய சர்வராக இருந்தால் நல்லுக்குப் பதில் எண் புலத்தில் 0, எழுத்துப் புலத்தில் வெற்றுச் சரம் என்று எழுதி, ஒரு எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ளும். 0 என்பது உண்மையான மதிப்பு மாதிரியே இருப்பதால் அதைக் கண்டுபிடிப்பது நல்லைவிடக் கடினம்.

தீர்வு வேரைச் சேர்ப்பது. எல்ஸ் முன்னுரிமை என்று சேர்த்தாலும் காலியாவது நிற்கும். ஆனால் அதை மட்டும் நம்பி வேரை விடாதீர்கள். அப்போதும் அப்டேட் எல்லா ரோவையும் தொடுகிறது, பழைய மதிப்பையே திரும்ப எழுதுகிறது. போஸ்ட்கிரெஸில் அப்படித் தொடும் ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு புதுப் பதிப்பு உருவாகும், பழையது குப்பையாகத் தங்கும். டிரிகர்கள் (ரோ மாறும்போது தானாக ஓடும் நிரல்கள்) எல்லா ரோவுக்கும் ஓடும். கமிட் ஆகும்வரை எல்லா ரோவும் பூட்டப்பட்டிருக்கும். வேறொருவர் ஐடி 8-ஐ மாற்ற வந்தால் காரணமே புரியாமல் காத்திருப்பார். பத்து ரோ உள்ள டேபிளில் இது உறைக்காது. பத்து லட்சம் ரோ இருந்தால் உறைக்கும்.

வென் பட்டியலையும் இன் பட்டியலையும் நிரல் வழியே உருவாக்குகிறீர்கள் என்றால், இரண்டையும் ஒரே மூலப் பட்டியலிலிருந்து உருவாக்குங்கள். ஒன்றைக் கையால் திருத்தி மற்றொன்றை மறந்தால், இன்னில் இருந்து வென்னில் இல்லாத அந்த ஒரு ஐடி நல் ஆகும். இதற்குத்தான் வேர் இருந்தாலும் எல்ஸையும் சேர்த்து எழுதச் சொல்வேன்.

ஏற்கெனவே கமிட் ஆகிவிட்டதா? அவசரத்தில் ஊகமாக இன்னொரு அப்டேட் ஓட்டி நிரப்பாதீர்கள். எந்த ரோ இயல்பாகவே காலி, எது இந்தத் தவறால் காலி என்ற தடயமும் அதோடு அழிந்துவிடும். பேக்கப்பை வேறொரு டேபிளாக மீட்டு, அதிலிருந்து அந்த ஒரு புலத்தை மட்டும் ஐடி வழியாக இணைத்துத் திரும்ப எழுதுங்கள்.

இதே அறிகுறி கேஸே இல்லாத க்வெரியிலும் வரும்:

    அப்டேட் பணிகள்
    செட் முன்னுரிமை = (செலக்ட் தி.மதிப்பு ஃப்ரம் திருத்தங்கள் தி
                       வேர் தி.ஐடி = பணிகள்.ஐடி);

உள்ளே ஒரு வேர் இருப்பதால் கண்ணை ஏமாற்றிவிடும். அது உள்ளே இருக்கும் செலக்ட்டுக்கான வேர். அப்டேட்டுக்கு வேரே இல்லை. திருத்தங்கள் டேபிளில் இல்லாத ஐடிக்கு உள் செலக்ட் ஒன்றும் தராது, அது நல்லாக எழுதப்படும். வெளியே 'வேர் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டு, திருத்தங்களில் இருக்கும் ஐடிகளுக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

அறிகுறி: மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் தவறான மதிப்பு

கேஸ் மேலிருந்து கீழே பார்க்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 'வென் மதிப்பெண் >= 50 தென் தேர்ச்சி' என்பது மேலேயும் 'வென் மதிப்பெண் >= 90 தென் சிறப்பு' என்பது கீழேயும் இருந்தால், 95 வாங்கியவருக்கும் வெறும் தேர்ச்சிதான். குறுகலான நிபந்தனை மேலே வர வேண்டும்.

பிட்வீன் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது. 50 முதல் 89 வரை ஒன்று, 90 முதல் 100 வரை ஒன்று. புலத்தில் தசமம் இருந்தால் 89.5 இரண்டிலும் விழாது, நல் ஆகும். இறங்கு வரிசையில் '>=' மட்டும் வைத்து எழுதினால் இந்த இடைவெளியே வராது.

வேரில் அண்டும் ஆரும் கலந்திருந்தால் அடைப்புக்குறி போடுங்கள். அண்ட் முதலில் சேரும். 'நிலை = 1 ஆர் நிலை = 2 அண்ட் ஐடி < 100' என்றால், நிலை 1 உள்ள எல்லா ரோவும் உள்ளே வந்துவிடும், ஐடி எதுவானாலும்.

அறிகுறி: காலியாக உள்ள புலத்துக்கு மட்டும் நிபந்தனை வேலை செய்யவில்லை

'கேஸ் நிலை வென் நல் தென் ...' என்று எழுதியிருப்பீர்கள். இந்தச் சுருக்க வடிவம் உள்ளே சமக்குறி போட்டு ஒப்பிடுகிறது. நல் எதற்கும் சமமில்லை, இன்னொரு நல்லுக்குக்கூட. 'கேஸ் வென் நிலை இஸ் நல் தென் ...' என்று முழு வடிவத்தில் எழுதுங்கள். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் நல்தான், அங்கே வெற்றுச் சரத்தோடு ஒப்பிட்டாலும் பொருந்தாது.

இதன் உறவுக்காரக் கோளாறு ஒன்று: 'நாட் இன்' உள்ளே ஒரு செலக்ட், அதன் விடையில் ஒரே ஒரு நல். அவ்வளவுதான், ஒரு ரோவும் மாறாது, பிழையும் வராது. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' பயன்படுத்துங்கள்.

அறிகுறி: ஒரு புலம் 0 அல்லது 1 ஆகிவிட்டது, அடுத்த புலம் மாறவே இல்லை

மைஎஸ்க்யூஎல்லிலோ எஸ்க்யூலைட்டிலோ இது நடந்தால், க்வெரியைக்கூடப் பார்க்காமல் சொல்லலாம்: செட்டில் கமாவுக்குப் பதில் அண்ட் போட்டிருக்கிறீர்கள்.

    செட் முன்னுரிமை = 2 அண்ட் வரிசை_எண் = 10

நாம் படிப்பது 'இதையும் மாற்று, அதையும் மாற்று' என்று. தரவுத்தளம் படிப்பது வேறு: வரிசை எண் 10-ஆ என்று கேள், அதோடு 2-ஐ அண்ட் செய், வரும் உண்மை அல்லது பொய்யை முன்னுரிமையில் எழுது. அதனால் முன்னுரிமை 1 அல்லது 0. வரிசை எண்ணை எழுதச் சொல்லவே இல்லை. போஸ்ட்கிரெஸ் இதை ஏற்காது; அண்டுக்கு இரு பக்கமும் பூலியன் (உண்மை அல்லது பொய்) வேண்டும் என்று நிறுத்திவிடும். இரண்டு புலம் என்றால் இரண்டு கேஸ், நடுவில் கமா.

அறிகுறி: ஒரு தரவுத்தளத்தில் சரியாக வருகிறது, மைஎஸ்க்யூஎல்லில் வேறாக வருகிறது

முயற்சி என்ற புலத்தில் 2 இருக்கும் ஒரு ரோவை எடுத்துக்கொள்ளுங்கள்.

    செட் முயற்சி = முயற்சி + 1,
        நிலை = கேஸ் வென் முயற்சி >= 3 தென் 'நிறுத்தம்' எல்ஸ் நிலை எண்ட்

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் எல்லாமே வலப்பக்கம் உள்ளதைப் பழைய மதிப்பை வைத்தே கணக்கிடும். கேஸ் பார்ப்பது 2. நிலை மாறாது. மைஎஸ்க்யூஎல் ஒரு டேபிள் அப்டேட்டில் இடமிருந்து வலமாகப் போகும். கேஸிடம் வரும்போது முயற்சி ஏற்கெனவே 3 ஆகியிருக்கும். நிலை 'நிறுத்தம்' ஆகிவிடும்.

கேஸ் உள்ள வரியை முன்னால் நகர்த்தி, முயற்சியைக் கூட்டும் வரியைப் பின்னால் வைத்தால், எல்லாத் தரவுத்தளமும் ஒரே விடை தரும். ஒரு புலத்தின் பழைய மதிப்பு வேறு யாருக்காவது தேவைப்பட்டால், அந்தப் புலத்தைக் கடைசியில் மாற்றுங்கள். ஆனால் இரண்டு புலங்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்ற 'செட் அ = ஆ, ஆ = அ' என்று எழுதினால் எந்த வரிசையும் உதவாது; மைஎஸ்க்யூஎல்லில் இரண்டிலும் ஒரே மதிப்புதான் மிஞ்சும். அதே டேபிளை ஐடி வழியாகத் தன்னோடு ஜாயின் செய்து (இணைத்து), மறு பிரதியிலிருந்து பழைய மதிப்பை எடுங்கள்.

அறிகுறி: டூப்ளிகேட் கீ பிழை, முடிவில் எதுவும் இரட்டிக்கப்போவதில்லை என்றாலும்

வரிசை எண் யூனிக், அதாவது ஒரே எண் இரண்டு ரோவில் வரக் கூடாது. 3-ஐ 4 ஆக்கி, 4-ஐ 3 ஆக்குகிறீர்கள். முடிவு சுத்தம்தான், ஆனால் நடுவே ஒரு கணம் இரண்டு 4 இருக்கும். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் ஒவ்வொரு ரோவாகச் சோதிப்பதால் அங்கேயே நின்றுவிடும். ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும் கட்டளை முடிந்த பிறகு சோதிப்பதால் இந்தப் பிழை வராது.

போஸ்ட்கிரெஸில் அந்த யூனிக் கட்டுப்பாட்டை 'டிஃபரபிள்' என்று வரையறுங்கள். அதன் பிறகு சோதனை கட்டளையின் முடிவுக்குத் தள்ளிப்போகும். மைஎஸ்க்யூஎல்லில் எல்லா எண்ணையும் ஒன்று கூட்டுவது மட்டும்தான் வேலை என்றால் 'ஆர்டர் பை வரிசை_எண் டெஸ்க்' சேர்த்தால் போதும், பெரிய எண் முதலில் நகர்ந்து இடம் விடும். இடம் மாற்றுவதற்கு இரண்டு அடி தேவை: முதலில் எதிர்மறை எண்களாக மாற்றுங்கள், பிறகு நேர்மறையாக. இரண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கட்டும்.

அறிகுறி: புலம் தேதி வகை, கேஸ் தருவது எழுத்து வகை என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கிறது

தனியாக ஒரு தேதியை மேற்கோளில் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும் போஸ்ட்கிரெஸ், அதையே கேஸுக்குள் வைத்தால் ஏற்காது. கேஸ் முதலில் தன் வகையைத் தீர்மானித்துக்கொள்கிறது. மேற்கோளில் உள்ளவை மட்டும் இருந்தால் அது எழுத்து வகை. 'காஸ்ட்' போட்டு முழுக் கேஸையும் தேதியாக மாற்றுங்கள்.

அறிகுறி: மைஎஸ்க்யூஎல் பிழை 1175, 1093

1175 என்றால் சேஃப் அப்டேட் இயங்குகிறது. வேரில் கீ உள்ள புலம் இல்லை என்கிறது. அதை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் எல்லோருடைய முதல் யோசனை. வேண்டாம். அது உங்களிடம் வேரைத்தான் கேட்கிறது. ஐடியை வேரில் சேர்த்தால் தானாகப் போய்விடும்.

1093 என்றால், மாற்றும் டேபிளையே உள் செலக்ட்டிலும் படிக்கிறீர்கள். உள் செலக்ட்டுக்குப் பதில் ஜாயின் எழுதுங்கள்.

அறிகுறி: மாறிய ரோ எண்ணிக்கை ஒத்துவரவில்லை

மைஎஸ்க்யூஎல் இரண்டு எண் தரும்: பொருந்தியவை, மாறியவை. ஏற்கெனவே அதே மதிப்பு இருந்த ரோ பொருந்தியதில் சேரும், மாறியதில் சேராது. அதனால் 3 பொருந்தி 2 மாறினால் தோல்வி என்று அர்த்தமில்லை. உங்கள் நிரல் இரண்டாவது எண்ணைப் பார்த்து 'ரோ இல்லை' என்று முடிவெடுத்தால் அதைத் திருத்துங்கள். போஸ்ட்கிரெஸ் தொட்டதையெல்லாம் எண்ணும். மூன்று ரோவுக்கு 'அப்டேட் 3' என்று வர வேண்டும். டேபிளின் மொத்த ரோ எண்ணிக்கை அங்கே தெரிந்தால் உடனே ரோல்பேக்.

அறிகுறி: பட்டியல் நீண்டதும் க்வெரி இழுக்கிறது, அல்லது பாராமீட்டர் அதிகம் என்று பிழை

கேஸ் ஒவ்வொரு ரோவுக்கும் வென்களை வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். ஆயிரம் ரோ, ஆயிரம் வென் என்றால் எத்தனை ஒப்பீடு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பாராமீட்டருக்கும் (க்வெரியோடு தனியாக அனுப்பும் மதிப்புக்கு) வரம்பு உண்டு: எஸ்க்யூஎல் சர்வரில் 2100, போஸ்ட்கிரெஸில் 65535. எஸ்க்யூலைட்டில் 3.32-க்கு முன்பு இயல்பாக 999, அதற்குப் பிறகு 32766. சில நூறைத் தாண்டினால் கேஸை விட்டுவிட்டு, மதிப்புகளை ஒரு டேபிள்போல் வைத்து இணைப்பதே நல்லது. போஸ்ட்கிரெஸில் இப்படி:

    அப்டேட் பணிகள் ஆஸ் ப
    செட் முன்னுரிமை = பு.மதிப்பு
    ஃப்ரம் (வேல்யூஸ் (3, 1), (7, 2), (9, 5)) ஆஸ் பு (ஐடி, மதிப்பு)
    வேர் ப.ஐடி = பு.ஐடி;

பட்டியலில் இல்லாத ஐடி இணையவே இணையாது, அதனால் அதைக் காலியாக்கும் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இந்த வடிவம்தான் அதிகம் பிடிக்கும். எஸ்க்யூலைட்டிலும் 3.33-லிருந்து அப்டேட்டோடு ஃப்ரம் எழுதலாம். மைஎஸ்க்யூஎல்லில் அப்டேட்டுக்கும் செட்டுக்கும் நடுவே ஜாயின் எழுத வேண்டும்.

இரண்டு இடத்தில் எச்சரிக்கை தேவை. பட்டியலில் ஒரே ஐடி இரண்டு முறை வந்தால் போஸ்ட்கிரெஸ் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும், எது என்று உறுதி கிடையாது, பிழையும் காட்டாது. ஓட்டுவதற்கு முன் ஐடி வாரியாகக் குரூப் பை போட்டு எண்ணிப் பாருங்கள். அடுத்தது, ஃப்ரமில் பணிகள் டேபிளையே இன்னொரு முறை எழுதிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் அதை வேறொரு பிரதியாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் இணைக்கும் நிபந்தனை இல்லையென்றால் எல்லா ரோவும் மாறும்.

அறிகுறி: மாற்றத்தான் சொன்னோம், புது ரோக்கள் முளைத்திருக்கின்றன

அப்டேட்டுக்குப் பதில் 'இன்சர்ட் ... ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' என்ற மைஎஸ்க்யூஎல் வழியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். பல ரோக்களை ஒரே க்வெரியில் மாற்ற அது வசதியானது. ஆனால் அது முதலில் ஓர் இன்சர்ட். பட்டியலில் உள்ள ஐடி 7 இதற்கிடையே அழிக்கப்பட்டிருந்தால், அதைப் புதிதாக உருவாக்கி, நீங்கள் சொல்லாத புலங்களையெல்லாம் இயல்பு மதிப்பால் நிரப்பிவிடும். ரீப்ளேஸ் இன்னும் மோசம்: இருக்கும் ரோவையே அழித்துவிட்டுப் புதிதாகச் செருகும். முன்னுரிமையை மட்டும் மாற்ற நினைத்து, அந்தப் பணியின் விவரம், தேதி, நிலை எல்லாவற்றையும் இழப்பீர்கள். இருக்கும் ரோக்களை மட்டும் மாற்றுவதுதான் நோக்கம் என்றால் அப்டேட்டையே எழுதுங்கள், வேரோடு.